ஆறாம் மாடி வெளிச்சத்தில் ஒரு சிலந்தி

நான் சிங்கப்பூருக்குப் போனது ஒரு முழங்காலுக்காக. என்னுடையது அல்ல, மதினியுடையது. என் கணவரின் அக்கா ராஜேஸ்வரி கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனவர். செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த கணவரோடு வாழ்ந்து, அவர் இறந்த பிறகும் அதே அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார், இரண்டு வாரம் யாராவது கூட இருந்தால் நல்லது என்று அவர் மகன் கதிர் போனில் சொன்னதும் வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு வேலையே கிடையாது என்று குடும்பங்கள் தாமாகவே முடிவு கட்டிவிடுகின்றன.

எனக்கு வேலை இருந்தது. சிலந்திகளைப் படம் எடுப்பது. "பூ, பறவைன்னு எதையாவது எடுக்கக் கூடாதா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்தி வெகுநாளாயிற்று. பெட்டியில் மேலே முறுக்கும் அதிரசமும் வைத்து, அடியில் புடவைகளுக்கு நடுவே கேமராவையும், சின்ன உயிர்களை எடுக்கும் லென்ஸையும் பதுக்கினேன். காரணம், சிங்கப்பூரில் ஒரு சிலந்தி இருக்கிறது. வலை பின்னாது, இலைக்கு இலை தாவி இரை பிடிக்கும். சோற்றுப் பருக்கை அளவுதான். ஆணின் உடம்பில் பச்சையும் நீலமும் வெள்ளியும் மின்னும் என்பார்கள். நான் பார்த்த படங்களில் அந்த மினுக்கம் சரியாக வந்ததே இல்லை. ஒன்று வெள்ளையாக வெந்து போயிருக்கும், இல்லையென்றால் கருப்பாகச் செத்துக் கிடக்கும். மற்றவர்களுக்கு வராதது எனக்கு வந்துவிடும் என்ற திமிர் எனக்கு உண்டு.

விமான நிலையத்துக்குக் கதிர் வந்திருந்தான். டிசம்பர் மழை. சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் குளித்து முடித்து நின்றன. நான் சன்னலுக்கு வெளியே எத்தனை விதமான செடி என்று பார்த்துக்கொண்டிருக்க, அவன் தயங்கித் தயங்கி, அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்கு நடுவே ஒரு 'லா' சேர்த்து, விஷயத்துக்கு வந்தான்.

"அத்தை, ஆபரேஷன் ஓகே. நடக்கலாம்னு டாக்டர், ஃபிசியோ எல்லாருமே சொல்லிட்டாங்க. அம்மாதான் பயப்படுறாங்க லா. ஆஸ்பத்திரியில ஒரு தடவ பாத்ரூம் கிட்ட கால் மடங்கிடுச்சு. அதுலேருந்து யாராச்சும் கையப் புடிச்சாத்தான் எந்திரிப்பேங்கிறாங்க. நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள தனியா எந்திரிச்சு நடந்துட்டா, இங்கேயே இருக்கட்டும். இல்லன்னா பூன் லேக்கு எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். இந்த வீட்ட வாடகைக்கு விட்டுரலாம்."

"மதினி என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. அதான் பயமா இருக்கு."

மதினி ஆறாம் மாடியில், கூடத்துச் சன்னல் ஓரமாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சக்கரம் வைத்த நான்கு கால் நடைச்சட்டம் கைக்கெட்டாத தூரத்தில், துவைத்த துணி காயும் கொடியாக நின்றது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை நலம் விசாரிப்பு அல்ல.

"வா சந்திரா. அந்த மூலையில பாரு, ஒட்டடை. ஆஸ்பத்திரிலேருந்து வந்ததுலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். சொன்னா யாரும் கேக்குறதில்ல."

பார்த்தேன். நூல் போன்ற கால்களோடு ஒரு சிலந்தி அங்கே நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வீடு உடனே பிடித்துப்போயிற்று. மதினி பார்க்காத நேரத்தில் அதை ஒரு டம்ளரில் ஏந்தி, வெளியே நடைவழித் தொட்டிச் செடியில் விட்டுவிட்டு, அப்புறம்தான் விளக்குமாற்றை எடுத்தேன். மதினி சுத்தத்துக்குப் பேர் போனவர். கல்யாணத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போட்ட இலையையே ஒழுங்காக மடித்து அடுக்குபவர். அப்படிப்பட்டவர் ஒரு ஒட்டடையை உட்கார்ந்த இடத்திலிருந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

இரண்டு நாளில் வீட்டின் நடப்பு பிடிபட்டது. காலையில் கஞ்சி. பத்து மணிக்கு மேல் ஃபிசியோ பெண் வருவார், மலாய்க்காரர், தலையில் ரோஜா நிறத் துண்டு, பேச்சில் அத்தனை இனிமை. "அம்மா, இன்றைக்கு வாசல் வரை போகலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மதினி வாசல் வரை அழகாக நடப்பார். அவர் போனதும் நாற்காலி. "தனியா எந்திரிச்சுப் பாருங்க மதினி, நான் பக்கத்துலயே நிக்கேன்" என்றால், "நாளைக்கு" என்பார். மறுநாளும் அதே நாளைக்கு.

"பூன் லே வீடு எப்படி மதினி?" என்று ஒருமுறை மெல்லக் கேட்டேன்.

"நல்ல வீடு லா. மருமக தங்கமான பொண்ணு. அதுக்காக அவ வீட்டுல போய் ஒரு மூலையில உக்காந்துக்க முடியுமா? உங்க அண்ணன் வேல முடிஞ்சு நடந்து வர்றத இந்த சன்னல்லேருந்துதான் பாப்பேன். இங்கேயே இருந்துட்டுப் போறேனே" என்றார். சொல்லிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். போக மனமில்லை, எழுந்திருக்கத் தைரியமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை மருமகள் வந்து பார்த்துக்கொண்டதால் எனக்கு விடுதலை. லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினேன். ஊரில் மறந்துவிட்டு வந்த ஒரு பொருளை வாங்க வேண்டியிருந்தது. ஃபிளாஷ் வெளிச்சம் நேராக விழுந்தால் சிலந்தியின் முதுகு கண்ணாடியாகப் பளீரிடும். நடுவில் வெள்ளையாக எதையாவது பிடித்தால் வெளிச்சம் பரவி மென்மையாகும். நான் பிடிக்கும் பிளாஸ்டிக் தாள் பாளையங்கோட்டையில் பீரோ மேல் இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். நான் போக வேண்டிய பேருந்து வந்தது, போனது. அடுத்ததும் அப்படியே. எங்கள் ஊரில் நாம் சும்மா சாலையோரம் நின்றாலே பேருந்து நின்று, ஏறச் சொல்லித் திட்டும். இங்கே கை காட்டினால்தான் நிற்குமாம். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்ற தமிழ்ப் பெண் என்மேல் இரக்கப்பட்டு, மூன்றாவது பேருந்துக்கு எனக்காகவும் சேர்த்துக் கை நீட்டினாள். அப்புறம் ரயில். தரைக்கடியில் மாறி ஏறி, மேலே வந்தால் மல்லிகை வாசம்.

தேக்கா சந்தையில் வாழைத்தண்டும் வாழைப்பூவும் நம் ஊரைவிடப் பளபளப்பாக அடுக்கியிருந்தார்கள். நான்கு மொழிகளில் பேரம் நடந்தது. ஒரு சீனப் பாட்டி தமிழில் "முருங்கைக்கா எவ்ளோ?" என்று கேட்டதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். பாத்திரக் கடைக்குப் போய் இட்லித் துணி கேட்டேன்.

"எத்தன குழித் தட்டுக்கா?" என்றார் கடைக்காரர்.

"தட்டுக்கு இல்லண்ணே. சிலந்தியப் படம் எடுக்க."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "எங்க வீட்டுல சிலந்திக்கு வெளக்குமாறுதான் எடுப்போம்" என்று சொல்லி, துணியைக் காகிதத்தில் சுற்றித் தந்தார்.

பசி. உணவுக்கூடத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வாங்கிக்கொண்டு இடம் தேடினேன். காலியாக ஒரு மேசை, அதன்மேல் யாரோ மறந்துவிட்டுப் போன கைத்துடைப்பான் பொட்டலம். என்ன நல்ல ஊர் என்று நினைத்து உட்கார்ந்து, ஒன்றை உருவி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன், இன்னொன்றால் கையைத் துடைத்தேன். தட்டோடு ஒரு இளைஞர் வந்து பக்கத்தில் நின்றார். பக்கத்து மேசைப் பெண்தான் குனிந்து, "ஆன்ட்டி, டிஷ்யூ வெச்சிருந்தா அது அவங்க எடம் லா" என்றாள். எனக்கு முகம் சிவந்துபோயிற்று. நம் ஊரில் பேருந்துச் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில்லையா, அதேதான். ஆனால் போட்ட துண்டை எடுத்து முகம் துடைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து, மீதிப் பொட்டலத்தையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. கதிர் அம்மாவோடு இருக்க, காலையிலேயே ஒரு நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டுப் பாதைக்குப் போனேன். நகரத்துக்கு நடுவில் இப்படி ஒரு காடு. உள்ளே நுழைந்ததும் மாலை ஆறு மணி போல இருட்டு. இலைகளுக்கு நடுவே காசு அளவு வெளிச்சம் அங்கொன்றும் இங்கொன்றும். ஒரு வளைவில் கேமராவோடு நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். இலை நுனியில் பொன்னிறச் சிலந்தி ஒன்று தெரிந்தது. நேராகப் போய்க் குனிந்தேன்.

"மன்னிக்கவும், வரிசை இருக்கிறது" என்று மெதுவாக ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே வரிசை. ஒரு சிலந்திக்கு. ஒருவர் சில படங்கள் எடுப்பார், இலையை அசைக்காமல் பின்வாங்குவார், அடுத்தவர் முன்னால் வருவார். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. எங்கள் ஊரில் ரேஷன் கடையில்கூட இவ்வளவு பொறுமையைப் பார்த்ததில்லை. நான் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற சீனப் பெண்மணி பல் மருத்துவர். பல்லை விடச் சிலந்தி நல்லது, வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை என்றார். அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்து அசந்துபோனேன். இலைக் காம்பை இடது கையால் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைத் தாங்குகிறார். காற்றடித்தால் இலையும் கேமராவும் சேர்ந்தே ஆடுகின்றன. படம் கலங்குவதில்லை.

நான் தேடி வந்த சிலந்தியைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "அதற்கு ஏன் காட்டுக்கு வந்தீர்கள்? அதற்கு வெயில் வேண்டும். அடுக்குமாடி வீடுகளைச் சுற்றி வெட்சி வேலி வைத்திருப்பார்களே, அதில் பாருங்கள். கண்டுபிடிப்பது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம். எனக்கு இதுவரை சரியாக வந்ததில்லை."

நாங்கள் இட்லிப்பூ என்று சொல்லும் அதே வெட்சி. வீட்டுக்குத் திரும்பியதும் மேலே போகவில்லை. மதினியின் கட்டடத்துக்கும் எதிரே இருந்த கார் நிறுத்தும் அடுக்குக் கட்டடத்துக்கும் நடுவே நடைபாதை, அதை ஒட்டி இடுப்பளவு வெட்சி வேலி, சிவப்புப் பூக்கள். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு இலையிலிருந்து மறு இலைக்கு ஏதோ தெறித்தது. அதுதான்.

அத்தனை தூரம் பறந்து வந்து தேடியது மதினி வீட்டு வாசலில் இருந்தது. சந்தோஷத்தில் மண்டியிட்டுவிட்டேன். அந்த வழியாக வந்த ஒரு மலாய் அம்மா பைகளைக் கீழே வைத்துவிட்டு, "என்ன தொலைத்தீர்கள், சாவியா?" என்று கேட்டுத் தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். இன்னொருவர் வந்து போன் டார்ச்சை அடித்தார். சிலந்தி என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். காதுத்தோடு என்று சொல்லி, கிடைத்துவிட்டதாகவும் காட்டி நன்றி சொன்னேன். அவர்கள் என்னைவிடச் சந்தோஷப்பட்டுப் போனார்கள்.

அடுத்து வந்த நாட்கள் முழுக்கத் தோல்விதான். காலையில் நல்ல வெயில் வேலி மேல் விழும்போது ஆண் சிலந்தி வெளியே வரும், கம்பீரமாக உலாத்தும். படம் எடுத்தால் முதுகு முழுக்க வெள்ளைக் கொப்புளம். ஃபிளாஷ் அடித்தால் மினுக்கம் செத்துவிடும். சரி, வெயிலைத் தணிப்போம் என்று இட்லித் துணியைக் குடையாகப் பிடித்தேன். நிழல் விழுந்த அடுத்த கணமே சிலந்தி இலைக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டது. துணியை எடுத்தால் வரும், பிடித்தால் போகும். எனக்கு நிழல் வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். என் வகுப்பில்கூட இவ்வளவு பிடிவாதம் பிடித்த பிள்ளை யாரும் இருந்ததில்லை. மத்தியானத்துக்கு மேல் கார் நிறுத்தக் கட்டடத்தின் நிழல் வேலி முழுக்க விழுந்துவிடும். அப்புறம் ஒன்றும் வெளியே வராது.

மேலே மதினியும் அசையவில்லை. "நாளைக்கு" என்பதுகூட நின்று, வெறும் தலையாட்டலாகிவிட்டது. கதிர் தினமும் போன் செய்து கேட்பான். நான் "பரவாயில்லப்பா" என்பேன். அது பொய் என்று அவனுக்கும் தெரியும்.

ஒரு மத்தியானம் மதினி கண்ணயர்ந்ததும் கீழே வந்தேன். வேலி நிழலில் கிடந்தது. கேமராவைப் பையில் வைக்கப்போனபோது நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்சத் துண்டு தரையில் நகர்ந்து வந்தது. நடைபாதையைக் கடந்தது, வேலி மேல் ஏறியது, நின்றது. வெயில்தான், ஆனால் பால் கலந்த வெயில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைக்கடியிலிருந்து ஆண் சிலந்தி மெல்ல மேலே வந்து அந்த வெளிச்சத்தில் நின்றது. அப்போதுதான் முதன்முதலாக அதன் நிறத்தைப் பார்த்தேன். பச்சையா நீலமா என்று சொல்ல முடியவில்லை, அது திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருந்தது. கேமராவை வெளியே எடுப்பதற்குள் வெளிச்சம் சறுக்கிக்கொண்டு போய்விட்டது.

எங்கிருந்து வந்தது என்று நிமிர்ந்து பார்த்தேன். ஆறாம் மாடி. மதினி வீட்டுக் கூடத்துச் சன்னல் கதவு வெளிப்பக்கமாகத் திறந்திருந்தது. அந்தக் கண்ணாடியில் பட்ட வெயில்தான் கீழே விழுந்திருக்கிறது. கம்பிக்குப் பின்னால் மதினியின் முகம். என் போன் அடித்தது.

"சந்திரா, காப்பி போடாம அங்க மண்டி போட்டு என்ன பண்ற?"

நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தச் சன்னலிலிருந்து கீழே தெரியாது. நின்றால்தான் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றிற்று. வேறு எதுவும் பேசாமல், "மதினி, அந்தச் சன்னல் கதவ இன்னும் கொஞ்சம் திறங்க" என்றேன்.

"எதுக்கு?"

"திறங்களேன்."

வெளிச்சம் நகர்ந்தது. வேலியைத் தாண்டிப் போய்விட்டது. "இப்ப கொஞ்சம் மூடுங்க. இன்னும். போதும், போதும்." சிலந்தி மேல் வந்து நின்றது. நான்கு படம் எடுத்திருப்பேன். "கால் வலிக்குது லா" என்று காதில் கேட்டது. அதைச் சொன்னபோதுதான் தான் நின்றுகொண்டிருப்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சன்னல் படாரென்று மூடிக்கொண்டது, வெளிச்சம் போயிற்று.

மேலே போனபோது நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்திரிச்சேன்னு கதிர்கிட்ட சொல்லிக்கிட்டுத் திரியாத. நாளைக்கு முடியலன்னா அசிங்கமாப் போயிடும்" என்றார். சரி என்றேன்.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வெளிச்சத்தைப் பற்றி மட்டும் பேசுவோம். நான் கீழே இருந்தால் மேலே கை பிடிக்க ஆள் இல்லை, இருவருக்கும் தெரியும். மழை விட்ட மத்தியானங்களில் நான் காதில் போனை மாட்டிக்கொண்டு வேலியருகே உட்காருவேன். மேலேயிருந்து மதினி கம்பியைப் பிடித்து நின்று சன்னலைத் திருப்புவார். வலிக்கும்போது சன்னலைத் திறந்தபடி விட்டு உட்கார்ந்துகொள்வார். வெயில் சாய்வதால் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் விலகிவிடும், மறுபடி எழுந்து திருப்புவார்.

"இப்ப என்ன பண்ணுது?"

"இன்னொரு ஆம்பள வந்திருக்கான் மதினி. ரெண்டு பேரும் முன்னங்கால விரிச்சு மொறைச்சுக்கிட்டு நிக்காங்க."

"எதுக்குச் சண்டை?"

"பக்கத்து இலையில ஒரு பொண்ணு இருக்கா."

"அவ என்ன பண்றா?"

"அவ ஒரு கொசுவத் தின்னுக்கிட்டு இருக்கா."

போனில் மதினி சிரித்தார். நான் வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. நடைபாதையில் போவோர் இப்போது எனக்குப் பழகிவிட்டார்கள். காதுத்தோட்டைத் தேட வந்த மலாய் அம்மா, நான் அங்கே தினமும் எதையோ தொலைப்பதாக முடிவு கட்டி, போகும்போதெல்லாம் கவலையோடு தலையசைத்துவிட்டுப் போனார்.

ஆனால் படம் வரவில்லை. நிறம் இருந்தது, உயிர் இல்லை. கண்ணுக்குப் பால் வெயிலாகத் தெரிந்தது கேமராவில் கலங்கிய தண்ணீராக வந்தது. சிலந்தியின் முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களில் ஒரு சொட்டு வெளிச்சமாவது தெறித்தால்தான் அது நம்மைப் பார்ப்பதாக இருக்கும். இங்கே அவை இரண்டு கரிப் புள்ளிகள். ஒரு மாலை மதினிக்குப் படங்களைக் காட்டினேன்.

"மேகமூட்டம் போல மதினி. வெளிச்சம் கொஞ்சம் மங்கலா விழுது. பரவாயில்ல, இவ்வளவு வந்ததே பெருசு."

மதினி படத்தைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார்.

நான் கிளம்பும் நாள் வந்தது. மாலை விமானம். பின்மத்தியானம் கதிர் வருவான், என்னை விமான நிலையத்துக்கு அழைத்துப் போக. அம்மாவின் விஷயத்தையும் அப்போதே முடிவு செய்துவிடலாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தான். மதினியின் துணிகளை வைக்க ஒரு பெரிய பை கூட வாங்கி வைத்துவிட்டான். அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். ஊருக்கு வாங்க வேண்டிய தைலமும் மிட்டாயும் பாக்கியிருந்ததால், மதினிக்குக் காலைச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் தேக்காவுக்கு ஓடினேன். திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டி நல்ல வெயில். மேலே போகவும் மனமில்லாமல், பைகளை வேலியோரம் வைத்துவிட்டுக் கேமராவை எடுத்து, போனில் மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, கடைசித் தடவ. முடியுமா?"

"எடு."

வெளிச்சம் வந்தது. நான் ஒரு கணம் தடுமாறிப்போனேன். அதே சன்னல், அதே நேரம், ஆனால் இன்று விழுந்தது வேறு வெளிச்சம். ஓரங்கள் தெளிவாக, இலையின் நரம்பெல்லாம் தெரிய, ஆனாலும் கண்ணைக் குத்தாமல். ஆண் சிலந்தி வந்து அதன் நடுவில் நின்றது. பல் மருத்துவர் செய்தபடி இலைக் காம்பை இடது கையில் பிடித்து அதே கையின் மேல் லென்ஸைத் தாங்கினேன். மூச்சைப் பிடித்தேன்.

"அசையாதீங்க மதினி."

"நான் அசையல. நீ அசையாத."

சிலந்தி திரும்பி நேராக என்னைப் பார்த்தது. முன்னங்கால்களை விரித்தது. எடுத்தேன். மறுபடி எடுத்தேன். வந்துவிட்டது என்று விரலுக்கே தெரிந்தது. "மதினி, கெடச்சிருச்சு" என்றேன். பதில் இல்லை. வெளிச்சம் மெல்ல வேலியை விட்டு இறங்கித் தரைக்குப் போயிற்று. "மதினி?" போன் இணைப்பில்தான் இருந்தது. உள்ளே ஏதோ உருண்ட சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சன்னல் திறந்திருந்தது, கம்பிக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஒரு பூச்சிக்காக, ஆபரேஷன் ஆன மனுசியைத் தனியாக நிற்க வைத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு, கேமராவையும் பைகளையும் நடைபாதையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். மின்தூக்கியின் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். அது ஏற்கனவே ஆறிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது.

நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மதினி நின்றார். வியர்த்திருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. சட்டத்தின் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து வெளியே வைத்தார், பின் காலை வைத்தார்.

"போன் எங்க மதினி? பேசவே மாட்டேங்கறீங்க."

"ரெண்டு கையும் இதப் புடிச்சிருக்கே, போன எதுல புடிக்க? கெடச்சிருச்சுன்னியே, காட்டு."

கட்டடத்துக்குக் கீழே இருந்த கல் பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தேன். போட்டது போட்டபடி இருந்தது, மிட்டாய்ப் பை உட்பட. அதற்காகவும் அந்த ஊரைக் கும்பிடலாம். மதினி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு திரைக்குள் குனிந்தபோது கதிரின் கார் வந்து நின்றது. அவன் கதவைக்கூடச் சாத்தாமல் வந்தான்.

"அம்மா, யாரு உங்களக் கீழ கூட்டிட்டு வந்தா?"

"லிஃப்ட்டு" என்றார் மதினி, தலையை நிமிர்த்தாமல்.

கதிர் என்னைப் பார்த்தான். நான் கையை விரித்தேன். அவன் அந்த நடைச்சட்டத்தையும், மின்தூக்கிக் கதவையும், மறுபடி அம்மாவையும் பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவனும் திரைக்குள் எட்டிப் பார்த்தான். பச்சையும் நீலமும் வெள்ளியுமாகச் சிலந்தி கால் விரித்து நின்றது. எதுவும் வெந்து போகவில்லை, எதுவும் கருகவில்லை.

"அழகாத்தான் இருக்கு" என்றார் மதினி. "கண்ணுல என்ன வெள்ளையா ஒரு புள்ளி? அழுக்கா?"

"அழுக்கில்ல மதினி. அதுதான் வேணும்னு இத்தன நாளாக் கெடந்தேன். அது உங்க சன்னல்."

மதினி திரையை இன்னும் அருகே இழுத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"காலையில நீ தேக்காவுக்குப் போனப்ப தொடச்சேன்" என்றார். "உள்பக்கம், வெளிப்பக்கம், ரெண்டும். ஆபரேஷனுக்கு முன்னாடி தொடச்சது, ஒரே மழைக் கறை. இப்ப வெளிச்சம் நல்லா விழுதுல்ல?"